கண்ணுக்குள் ஒரு மச்சம்

பள்ளியை விட்டுச் செல்லும்போது உங்களுக்குத் தரப்படும் மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்று ஓர் இடம் இருக்கும். 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்', 'இடது முழங்கையின் கீழ் ஒரு மச்சம்' என்று அதில் எழுதுவார்கள். மச்சம் எளிதில் மாறாது என்ற நம்பிக்கையில்தான் அதனை ஓர் ஆளின் அடையாளமாகக் கொள்கிறோம். ஆனால் எந்தச் சான்றிதழிலும் எழுதப்படாத மச்சம் ஒன்று சிலருக்கு உண்டு. அது கண்ணின் உட்புறத்தில், அதன் அடித்தளத்தில் இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் அது தெரியாது. அது வலிக்காது; உறுத்தாது; பெரும்பாலும் பார்வையையும் கெடுக்காது. ஆகவே, அது இருப்பது உரியவருக்கே தெரியாது.

இத்தகைய மச்சங்களுள் மிகப் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்துவிடும். மிகச் சில மட்டும் மாறி வளர்ந்து, பார்வையையும் சில வேளைகளில் உயிரையும் பறிக்கும் புற்றுநோயாகிவிடுகின்றன. இவற்றுள் எது மாறாதது, எது மாறப்போவது என்பதை எப்படி அறிவது? தோலில் உள்ள மச்சத்தைத் தினமும் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், ஐயம் வந்தால் ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதிக்கலாம். கண்ணின் அடித்தளத்தில் அவ்வளவு எளிதாக இவற்றைச் செய்ய இயலாது. எனவே கண் மருத்துவர்கள் ஒரு வழியைக் கையாள்கிறார்கள். மச்சத்தைப் படம் பிடித்து வைக்கிறார்கள்; சில மாதங்கள் கழித்து மீண்டும் படம் பிடித்து, முன்னதோடு ஒப்பிடுகிறார்கள். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த முறையின் பின்னே நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அறிவியல் உழைப்பு உள்ளது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

கண்ணின் மூன்று உறைகள்

நம் கண்விழி ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பந்து போன்றது. அதன் சுவர் மூன்று உறைகளால் ஆனது. வெளியுறை உறுதியான வெண்படலம். நாம் 'வெள்ளை விழி' என்று சொல்வது இதனைத்தான். உள்ளுறை விழித்திரை. வெளியுலகின் உருவங்கள் இதன்மீதுதான் விழுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே கோராய்டு என்னும் படலம் இருக்கிறது. இரத்தக் குழாய்கள் நிறைந்த இப்படலமே விழித்திரையின் வெளிப்பகுதிக்கு உணவூட்டுகிறது. இதில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்கள் ஏராளமாக உள்ளன. நம் தோலுக்கும் தலைமயிருக்கும் நிறம் தருவதும் இதே மெலனின்தான். காமிராவின் உட்புறத்தில் கறுப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். உள்ளே ஒளி சிதறி உருவம் மங்காமல் இருப்பதற்காகவே அவ்வாறு செய்கிறார்கள். கண்ணுக்குள் அந்த வேலையை மெலனின் செய்கிறது.

விழித்திரைக்கும் கோராய்டுக்கும் இடையே இன்னொரு மெல்லிய நிறமி அடுக்கும் உண்டு. அதன் கனம் ஒரே ஒரு செல் அளவுதான். இந்த அடுக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மச்சம் இதற்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பது பின்னர் நமக்கு மிகவும் பயன்படும்.

கரும்புள்ளிகள் பல வகை

கண்ணின் அடித்தளத்தில் காணப்படும் கரும்புள்ளிகள் எல்லாம் ஒன்றல்ல. முதலாவது, கோராய்டில் நிறமிச் செல்கள் கூட்டமாகச் சேர்ந்து உண்டாகும் மச்சம். மருத்துவர்கள் இதனை 'நீவஸ்' என்பர். சாம்பல் நிறமாகவோ பழுப்பு நிறமாகவோ, தட்டையாகவோ சற்றே மேடாகவோ இருக்கும். அமெரிக்காவில் 40 வயதைத் தாண்டியவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது உண்டு. வெளிர் நிறத் தோலினரிடம் மிகுதி. கருநிறத் தோலினரிடம் குறைவு.

இரண்டாவது, நாம் மேலே கூறிய ஒரு செல் அடுக்கிலேயே நிறமி தடித்துக் கறுத்திருப்பது. பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும் இது மிகவும் தட்டையானது; கத்தரித்து வைத்தாற்போலத் தெளிவான ஓரம் உடையது. சில சமயம் சிறு சிறு புள்ளிகளாகக் கூட்டமாக இருக்கும். அதற்குக் 'கரடிக் காலடித் தடம்' என்று வேடிக்கையான பெயர் வைத்திருக்கிறார்கள். இது தீங்கற்றது. ஆனால் ஒழுங்கற்ற வடிவில், இரு கண்களிலும் பல இடங்களில் இத்தகைய கறைகள் தென்பட்டால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். பெருங்குடலில் நூற்றுக்கணக்கான தசை முளைகள் தோன்றிப் புற்றாக மாறும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அந்நோய் உள்ள குடும்பத்தாருக்குக் கண்ணில் இத்தகைய கறைகள் காணப்படுவது தெரிந்த செய்தி. கண்ணைப் பார்த்துக் குடலைச் சோதிக்கச் சொல்வது எவ்வளவு வியப்பானது, பாருங்கள்!

மூன்றாவது, பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டத்தின்மீது கன்னங்கரேலென்று உண்டாகும் கட்டி. பார்ப்பதற்கு அச்சம் தரும் தோற்றம் இருந்தாலும், இது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை.

நான்காவதுதான் நாம் அஞ்ச வேண்டியது. அதன் பெயர் மெலனோமா. நிறமிச் செல்களில் உண்டாகும் புற்று இது. பெரியவர்களின் கண்ணுக்குள்ளேயே தோன்றும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இது இரத்தத்தின் வழியே பரவும். பெரும்பாலும் கல்லீரலைத் தாக்கும். தொல்லை என்னவென்றால், சிறியதாக இருக்கும் மெலனோமாவும் தீங்கற்ற மச்சமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

கண்மணி ஏன் கறுப்பாகத் தெரிகிறது?

கண்மணி என்பது உண்மையில் ஒரு துளை. அதன் வழியே உள்ளே போகும் ஒளியில் ஒரு பகுதி திரும்பியும் வருகிறது. அப்படியிருந்தும் அது நமக்குக் கறுப்பாகத் தெரிவதேன்? ஒளி எந்த வழியே உள்ளே போயிற்றோ, அதே வழியேதான் திரும்பி வருகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் விளக்கு இருக்கும் இடத்திலேயே நம் கண்ணும் இருக்க வேண்டும். அங்கே தலையை நீட்டினால் விளக்கின் ஒளியை நம் தலையே மறைத்துவிடும்!

இப்புதிரை விடுவித்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர். கோனிக்ஸ்பெர்க் நகரில் மாணவர்களுக்கு உடலியல் கற்பித்து வந்த அவர், ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்வாக வைத்தார். பக்கத்தில் இருந்த விளக்கின் ஒளி தகட்டில் பட்டு எதிரே இருப்பவரின் கண்ணுக்குள் சென்றது. திரும்பி வந்த ஒளி தகட்டை ஊடுருவி அவருடைய கண்ணை அடைந்தது. உயிருள்ள மனிதனின் விழித்திரையை இவ்வாறு அவர் கண்டார். 1851ஆம் ஆண்டு இக்கருவியைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. இன்றும் கண் மருத்துவர் கையில் இருக்கும் ஆஃப்தல்மாஸ்கோப் அதன் வழிவந்ததே.

கைச்சித்திரத்திலிருந்து புகைப்படத்திற்கு

பார்த்துவிட்டால் போதுமா? பார்த்ததை அடுத்த ஆண்டு நினைவில் வைத்திருக்க வேண்டுமே! அக்கால மருத்துவர்கள் தாம் கண்டதை வண்ணப் பென்சிலால் வரைந்து வைத்தார்கள். அழகான சித்திரங்கள் பல கிடைத்தன. ஆனால் சித்திரம் வரைபவரின் கையைப் பொறுத்தது. இந்த ஆண்டு ஒருவர் வரைந்த மச்சமும் அடுத்த ஆண்டு இன்னொருவர் வரைந்த மச்சமும் அளவில் வேறுபட்டால், வளர்ந்தது மச்சமா, சித்திரமா என்று யார் சொல்வது?

1886ஆம் ஆண்டு ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர் உயிருள்ள மனிதக் கண்ணின் அடித்தளத்தைப் புகைப்படம் எடுத்து வெளியிட்டனர். அதற்கு இரண்டரை நிமிட நேரம் ஒளி பாய்ச்ச வேண்டியிருந்தது. இரண்டரை நிமிடம் கண்ணை அசைக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று நீங்களே முயன்று பாருங்கள்! படமும் மங்கலாகவே விழுந்தது. 1926இல் நோர்டன்சன் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவரின் அமைப்பைக் கொண்டு ஸைஸ் நிறுவனம் விழித்திரைக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் மின்னல்போல் ஒளிரும் விளக்குகள் வந்தபின், கண் அசையும் முன்பே படம் எடுத்து முடிக்க இயன்றது.

1961ஆம் ஆண்டு நோவோட்னி, ஆல்விஸ் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர்கள் இருவர் இன்னொரு படி முன்னே சென்றனர். ஃப்ளோரசின் என்னும் சாயத்தைக் கை நரம்பில் செலுத்தினால், அது சில நொடிகளில் கண்ணின் இரத்தக் குழாய்களை அடையும். நீல ஒளி பட்டால் பசுமஞ்சளாக ஒளிரும். எந்தக் குழாய் கசிகிறது, எங்கே புதுக் குழாய் முளைத்திருக்கிறது என்பதெல்லாம் படத்தில் தெரியும். இருவரும் கற்றுக்கொண்டிருந்த மாணவர்கள் என்பது நம் மாணவியர் கருத்தில் கொள்ளத்தக்கது.

சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும்

இங்கே ஒரு சிறு சோதனை. இருட்டறையில் டார்ச் விளக்கை ஏற்றி, அதன் முகப்பை உங்கள் விரல்களால் இறுக மூடுங்கள். விரல்களின் ஊடே என்ன நிறம் தெரிகிறது? சிவப்பு! விளக்கின் வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் உள்ளன. பச்சையையும் நீலத்தையும் நம் இரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு ஒளி மட்டும் சதையை ஊடுருவி வெளியே வருகிறது.

இதே உண்மை கண்ணுக்குள்ளும் பயன்படுகிறது. பச்சை ஒளி விழித்திரையையும் அதன் பின்னே உள்ள நிறமி அடுக்கையும் காட்டும். அதற்கு அப்பால் அதிகம் செல்லாது. சிவப்பு ஒளியோ அந்த அடுக்கைக் கடந்து கோராய்டு வரை போகும். ஆகவே ஒரே கண்ணைப் பச்சை ஒளியில் ஒரு படமும் சிவப்பு ஒளியில் ஒரு படமும் எடுத்தால் என்ன ஆகும்? கோராய்டில் உள்ள மச்சம் சிவப்புப் படத்தில் கருமையாகத் தெரியும்; பச்சைப் படத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். நிறமி அடுக்கிலேயே உள்ள பிறவிக் கறை இரண்டு படங்களிலும் தெரியும். கத்தியின்றி, ஊசியின்றி, கரும்புள்ளி எந்த மாடியில் குடியிருக்கிறது என்பதை இவ்வாறு கண்டுபிடித்துவிடலாம்.

இம்முறையில் படமெடுக்கும் கருவிகளுள் ஒன்று பிறந்த வரலாறு உருக்கமானது. ஸ்காட்லாந்து நாட்டவரான டக்ளஸ் ஆண்டர்சனின் மகனுக்கு ஐந்து வயதில் விழித்திரை பிரிந்தது. காலம் கடந்தே அது கண்டுபிடிக்கப்பட்டது. சிறுவன் ஒரு கண்ணின் பார்வையை இழந்தான். குழந்தைக்குத் துன்பம் தராமல், கண்ணின் உட்புறம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் கருவி வேண்டும் என்று அத்தந்தை முனைந்தார். 1992இல் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். நீள்வட்டக் கண்ணாடியையும் சிவப்பு, பச்சை லேசர் ஒளிகளையும் கொண்டு அமைந்த அக்கருவி, 200 பாகை அளவுக்கு, அதாவது விழித்திரையில் ஐந்தில் நான்கு பங்கை, ஒரே படத்தில் காட்டுகிறது. வழக்கமான காமிரா 30 முதல் 50 பாகை வரைதான் காட்டும். முன்னது வாசலைத் திறந்து அறையைப் பார்ப்பது. பின்னது சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பது. மூலையில் இருக்கும் மச்சம் சாவித் துவாரத்தில் தெரியாமல் போகலாம் அல்லவா?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கருவி இரண்டு நிறங்களை மட்டும் சேர்த்துப் படம் ஆக்குவதால், அதில் தெரிவது கண்ணின் இயற்கை நிறம் அன்று. அதன் படத்தில் பச்சை சாயலோடு தெரியும் மச்சம் வேறு காமிராவில் பழுப்பாகத் தெரியும். நிறத்தை மட்டும் கண்டு முடிவு செய்யக் கூடாது.

ஆழம் காணும் கருவிகள்

புகைப்படம் நீள அகலத்தைக் காட்டும். உயரத்தைச் சரியாகக் காட்டாது. அதற்கு வேறு இரு கருவிகள் உள்ளன. ஒன்று அல்ட்ராசவுண்ட். கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி வருவதுபோல, கண்ணுக்குள் செலுத்திய நுண்ணொலி திரும்பி வருவதைக் கொண்டு கட்டியின் கனத்தை அளக்கலாம். மெலனோமாவின் உட்பகுதி எதிரொலியைக் குறைவாகவே தரும். அதனால் உள்ளே குடைவாக இருப்பதுபோல் தோன்றும்.

மற்றொன்று ஓ.சி.டி. எனப்படும் கருவி. 1991இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் இதை உலகுக்கு அறிவித்தனர். இது ஒலிக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்துகிறது. அடுக்குப் பலகாரத்தைக் கத்தியால் வெட்டினால் ஒவ்வோர் அடுக்கும் தெரிவதுபோல, விழித்திரையின் அடுக்குகளை வெட்டாமலேயே வெட்டுமுகமாகக் காட்டுகிறது. மச்சத்தின் மேல் ஊறிய மிக மெல்லிய நீர்க்கசிவையும் இதில் காணலாம். இவற்றோடு, கண்ணின் திசுக்கள் தாமே ஒளிர்வதைப் படமெடுக்கும் முறையும் உண்டு. மச்சத்தின்மேல் லிப்போஃபசின் என்னும் ஆரஞ்சு நிறப் பொருள் படிந்திருந்தால், அப்படத்தில் அது பளிச்சென ஒளிரும்.

மச்சமா, புற்றா?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள வில்ஸ் கண் மருத்துவமனையின் கரோல் ஷீல்ட்ஸ் அம்மையாரும் அவர் குழுவினரும் ஆயிரக்கணக்கான மச்சங்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். மச்சம் புற்றாக மாறுவதற்கு முன்னறிவிப்பாக 2019இல் அவர்கள் கூறியவை ஆறு:

1. கனம் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல்.
2. விழித்திரையின் அடியில் நீர் கசிந்திருத்தல்.
3. பார்வை குறைதல்.
4. ஆரஞ்சு நிறப் பொருள் படிந்திருத்தல்.
5. அல்ட்ராசவுண்டில் குடைவாகத் தோன்றுதல்.
6. குறுக்களவு 5 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல்.

இவற்றுள் ஒன்றுகூட இல்லாத மச்சம் ஐந்து ஆண்டுகளில் புற்றாக மாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. மூன்று அறிகுறிகள் சேர்ந்திருந்தால் அது நூற்றுக்கு 34 ஆக உயர்கிறது. இவை அந்தப் பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த மச்சங்களின் கணக்கு. பொதுமக்களிடையே வாய்ப்பு இதைவிட மிகக் குறைவு. அமெரிக்க வெள்ளையரைக் கொண்டு 2005இல் வெளியான ஒரு கணக்குப்படி, ஓராண்டில் 8,845 மச்சங்களில் ஒன்றே புற்றாக மாறுகிறது.

இங்கிலாந்தில் பெர்டில் டமேட்டோ என்ற மருத்துவ அறிஞர், கண்ணாடிக் கடைகளில் பார்வை சோதிப்பவர்களும் கையாளத்தக்க எளிய மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார். ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து அதற்கு 'மோல்ஸ்' என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தில் 'மோல்' என்றாலே மச்சம் என்பது உங்களுக்குத் தெரியும். காளான் வடிவம், ஆரஞ்சு நிறம், பெரிய அளவு, வளர்ச்சி, நீர்க்கசிவு என்பவையே அந்த ஐந்தும். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் இடுவர். மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மெலனோமாவாக இருக்கலாம் என்று கொண்டு, சிறப்பு மருத்துவரிடம் விரைந்து அனுப்புவர். பள்ளித் தேர்வில் மதிப்பெண் கூடக் கூட மகிழ்ச்சி. இத்தேர்விலோ சுழியம் வாங்குபவரே பாக்கியசாலி!

இந்த ஐந்தினுள் நான்கினை ஒரே நாள் சோதனையில் கண்டுவிடலாம். 'வளர்ச்சி' ஒன்றை மட்டும் ஒரே நாளில் காண முடியாது. எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் முடியாது. அதற்குப் பழைய படம் ஒன்று கையில் இருக்க வேண்டும். முதன்முதலில் எடுத்த படத்தின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

இரு படங்களை ஒப்பிடும் முறை

படத்தில் அளவுகோல் எது? பார்வை நரம்பு வெளியேறும் வட்டம்தான். அதன் குறுக்களவு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். மச்சம் அவ்வட்டத்தைப் போல் இரு மடங்கு அகலமாகத் தெரிந்தால், அதன் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர். மூன்று மடங்குக்கும் சற்று மேலே போனால் 5 மில்லிமீட்டர் ஆகிவிட்டது என்று பொருள். கணக்குப் பாடம் எங்கெல்லாம் உதவுகிறது, பாருங்கள்!

எல்லைக்கல் எது? விழித்திரையின் இரத்தக் குழாய்கள். அவை மரக்கிளைகளைப் போலப் பிரிந்து செல்லும். கிளை பிரியும் இடங்கள் பொதுவாக மாறுவதில்லை. வயலின் வரப்பை அருகிலுள்ள மரத்தைக் கொண்டு அடையாளம் வைப்பதுபோல, மச்சத்தின் ஓரத்தை அருகிலுள்ள கிளையைக் கொண்டு அடையாளம் வைக்கலாம். முதல் படத்தில் கிளைக்கு வெளியே நின்ற ஓரம் அடுத்த படத்தில் கிளையைத் தாண்டிவிட்டது என்றால், மச்சம் உண்மையிலேயே வளர்ந்திருக்கிறது.

ஆயினும் ஒப்பிடும் இரு படங்களும் ஒரே வகைக் காமிராவில், ஒரே கோணத்தில் எடுக்கப்பட்டிருப்பது நல்லது. நோயாளி சற்றுத் திரும்பிப் பார்த்தாலும் ஓரத்திலுள்ள மச்சம் நீண்டோ குறுகியோ தெரியும். மேலும், இளவயதினரின் மச்சம் பல ஆண்டுகளில் சிறிதளவு விரிவது உண்டு. அது புற்று அன்று. சில மாதங்களிலேயே தெளிவாக வளர்வதுதான் ஐயத்துக்குரியது. எனவேதான் புதிதாகக் கண்ட மச்சத்தைச் சில மாதங்களிலேயே மறுபடி படம் எடுக்கிறார்கள். மாற்றம் இல்லையென்றால் ஆண்டுக்கு ஒரு முறை எடுத்தால் போதும் என்பார்கள். இவ்வாறு ஒப்பிடும் பணியில் கணினியைப் பழக்கும் ஆராய்ச்சிகளும் இப்போது நடைபெறுகின்றன.

ஏன் இத்தனை கவனம்?

ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் சிறந்த எழுத்தாளரும் ஆவார். 2005 டிசம்பரில் அவர் திரையரங்கில் அமர்ந்திருந்தபோது, வலக்கண்ணில் திடீரென ஒளி மினுக்கத்தையும் ஒரு பகுதி மறைவதையும் உணர்ந்தார். சோதித்ததில் மெலனோமா என்று தெரிந்தது. கதிரியக்கச் சிகிச்சை பெற்றார். 2009இல் அக்கண்ணில் இரத்தம் கசிந்து, எஞ்சிய பார்வையும் போயிற்று. நோய் கல்லீரலுக்குப் பரவியதை 2015 பிப்ரவரியில் அவரே உலகுக்கு எழுதித் தெரிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் 82 வயதில் காலமானார். கட்டி பார்வையின் மையத்துக்கு அருகில் இருந்ததால்தான் அவருக்கு உடனே தெரிந்தது. ஓரத்தில் இருந்திருந்தால் இன்னும் நெடுநாள் ஓசையின்றி வளர்ந்திருக்கக்கூடும். எந்த அறிகுறியும் இன்றி, வழக்கமான கண் சோதனையின்போது எதிர்பாராமல் கண்டுபிடிக்கப்படுபவர் பலர்.

இந்நோயில் அளவே பேசுகிறது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கண்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, கட்டியின் கனம் ஒவ்வொரு மில்லிமீட்டர் கூடும்போதும், பத்தாண்டுகளுக்குள் அது உடலின் பிற பகுதிகளுக்குப் பரவும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து கூடுகிறது. ஒரு மில்லிமீட்டர் என்பது உங்கள் அளவுகோலில் உள்ள மிகச் சிறிய கோடு. அந்தச் சிறு கோட்டில் ஓர் உயிரின் தலைவிதி தங்கியிருக்கிறது.

முற்காலத்தில் இந்நோய் என்றால் கண்ணையே எடுத்துவிடுவார்கள். 1986இல் அமெரிக்காவில் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், நடுத்தர அளவுக் கட்டி உள்ள 1,317 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் கண் அகற்றப்பட்டது. மற்றவர்களுக்குக் கதிரியக்க அயோடின் பதித்த சிறு தகடு கண்ணின் வெளிச்சுவரில் சில நாள்கள் தைத்து வைக்கப்பட்டது. 2001இல் முடிவு வெளியாயிற்று. ஐந்தாண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இரு பிரிவிலும் நூற்றுக்கு எண்பதுக்குச் சற்று மேல்; வேறுபாடு இல்லை. கண்ணை இழக்காமலேயே சிகிச்சை பெறலாம் என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் அதற்குக் கட்டி அளவுக்கு மீறி வளரும் முன்பே கண்டாக வேண்டும்.

நமக்கு இதனால் என்ன?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் பத்து லட்சம் பேரில் ஐந்து அல்லது ஆறு பேருக்கு இந்நோய் வருகிறது. ஆசிய மக்களிடையே இது அதைவிட மிக அரிது. ஆகவே பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அரிது என்பதற்கு இல்லை என்பது பொருளன்று. நாம் கவனிக்கத்தக்கவை சில உள்ளன.

சிலருக்கு ஒரு பக்கத்து நெற்றி, இமை, கன்னம் ஆகிய இடங்களில் நீலங்கலந்த சாம்பல் நிறப் படலம் இருக்கும்; வெள்ளை விழியிலும் அந்நிறம் படர்ந்திருக்கும். ஜப்பானிய மருத்துவர் ஓட்டா விவரித்தமையால் இதற்கு 'ஓட்டா மறு' என்று பெயர். ஆசியர்களிடமும் பெண்களிடமும் இது ஒப்பளவில் மிகுதி. இவர்களுக்குக் கண் அழுத்த நோயும், அரிதாக மெலனோமாவும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். முகப்பூச்சால் மறைத்துவிட்டுச் சும்மா இராமல், ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் அடித்தளத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர். அவர்களுக்கு ஆண்டுதோறும் விழித்திரைப் படம் எடுக்கச் சொல்வார்கள். சர்க்கரை நோயின் கேட்டை அறிய எடுக்கும் அதே படத்தில், தேடாத மச்சமும் தற்செயலாகத் தென்படலாம். அவ்வாறு சொல்லப்பட்டால் செய்ய வேண்டியவை இவை:

மச்சம் எந்தக் கண்ணில், எவ்வளவு பெரியது, மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். படத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, தேதியோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அந்தப் படத்தை உடன் கொண்டுபோக வேண்டும். கண்ணில் ஒளி மினுக்கம், நிழல், மங்கல் ஆகியவை தோன்றினால் குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே செல்ல வேண்டும். சோதனையின்போது கண்மணியை விரியச் செய்யச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். ஆகவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நன்று. எந்தச் சாறும் எந்தச் சொட்டு மருந்தும் கண்ணுள் மச்சத்தைக் கரைக்காது. கரைப்பதாகச் சொல்பவரிடம் போக வேண்டாம்.

அன்பு மாணவியரே! இந்த வேலைகளைச் செய்ய உங்களால் முடியும். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் மருத்துவமனைக் காகிதங்களை அடுக்கி வைத்துக் கொடுப்பது, அடுத்த சோதனைத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பது, போன ஆண்டுப் படத்தை இந்த ஆண்டு மறக்காமல் எடுத்துக் கொடுப்பது ஆகியவை சிறிய உதவிகளே. ஆயினும் வளர்ச்சியைக் காட்ட வல்லது அந்தப் பழைய படம் ஒன்றுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது நம் முன்னோர் பழமொழி. கண் நன்றாக இருக்கும்போதே ஒரு படம் எடுத்து, அதனைப் பத்திரமாக வைத்திருப்போமாக!